வெளியே நிற்கும் கப்பல்

பம்பாய்
2.7.1973

அன்புள்ள அத்தானுக்கு வடிவு எழுதிக்கொள்வது.

சுகமாக வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. மெட்ராஸில் வண்டி மாறும்போது டிரங்குப் பெட்டியின் பூட்டு உடைந்துவிட்டது. மீதி வழி முழுவதும் அதன்மேலேயே உட்கார்ந்து வந்தேன். விடுதியில் என் அறையில் இன்னொருத்தி இருக்கிறாள். கொச்சிக்காரி, கல்யாணம் ஆகாதவள். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள், சொன்னேன். அதற்குப் பிறகு என்னிடம் மெதுவாகப் பேசுகிறாள், நோயாளியிடம் பேசுகிற மாதிரி.

வகுப்பில் நான்தான் மூத்தவள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பையன்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் அவர்களும் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டில் புளியும் இல்லை, காரமும் இல்லை. பருப்பில் சர்க்கரை போடுகிறார்கள்.

சீனித்தாய் ஒன்றாம் வகுப்புக்கு அழாமல் போகிறாளா? மாசானம் பால் மறந்துவிட்டானா? இங்கே வந்த முதல் வாரம் எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்துவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பீய்ச்சிவிட்டேன். இப்போது நின்றுவிட்டது. உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன், கவலைப்பட வேண்டாம்.

இந்த எம்.எஸ்ஸி.யை முடித்துவிட்டு வந்தால் நம் ஊர்க் கடல் ஆய்வுக்கூடத்திலேயே எனக்கு ஒரு நல்ல இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை அடுத்தவர் ஆராய்ச்சிக்குச் சிப்பி கழுவிக் கொடுக்க வேண்டியதுதான். இது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் போ என்றீர்கள். எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்காக இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

எழுதுவதாகச் சொன்ன கடிதம் இன்னும் வரவில்லை.

உங்கள் அன்புள்ள,
வடிவு


தூத்துக்குடி
15.7.1973

அன்புள்ள வடிவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் பெரிய சேதம் இல்லாமல் இருக்கிறோம். கடிதம் ஒன்று முன்பே எழுதி முடித்தேன். உன் மகன் அதன்மேல் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டான். அதில் இருந்த நல்ல வரிகள் எல்லாம் போய்விட்டன, இது மிச்சம்.

பக்கத்து வீட்டு கிளாடிஸ் அக்கா வாக்குத் தவறவில்லை. காலையில் நான் கப்பல் ஆபீஸுக்குக் கிளம்பும்போது மாசானத்தை வாங்கிக்கொள்கிறாள், சாயங்காலம் திருப்பித் தருகிறாள். நான் ஒப்படைத்ததைவிடக் கனமாகத்தான் திரும்பி வருகிறான். பாதி ரஸ்க், பாதி மணல். பாலைக் கேட்டாயே, முதல் வாரம் உன் பழைய நூல் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இப்போது சேலையை விட்டுவிட்டு என் சட்டைப் பையைப் பிடித்துக்கொள்கிறான். அதனால் எந்தச் சட்டைக்கும் பை இல்லை.

சீனித்தாய்க்கு இரட்டைச் சடை பின்னப் பழகிவிட்டேன். சொல்லிக் கொடுத்தது தோணிக்கார மரியான். கயிறு முறுக்குகிறவனுக்கு மயிர் ஒரு பெரிய விஷயமா? "இறுக்கிப் பிடிங்க அண்ணாச்சி, அவுந்துச்சின்னா கப்பலே போயிரும்" என்றான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் யார் பின்னியது என்று கேட்டாளாம். "எங்கப்பா" என்று இவள் சொன்னதும் பக்கத்து வகுப்பு டீச்சரையும் கூப்பிட்டுக் காட்டினாளாம். உன் மகள் அதில் பெருமையாக இருக்கிறாள்.

விளாத்திகுளத்திலிருந்து என் அக்கா வந்தாள். நான் துணி அலசிக்கொண்டிருந்த நேரம். "ஏலே பெருமாளு, பொண்டாட்டிய படிக்க அனுப்பிட்டு நீ பிள்ளைக்குப் பீத்துணி அலசுத, ஊரு சிரிக்குல. ரெண்டையும் எங்கூட அனுப்பு" என்றாள். "சிரிக்கவன் சிரிக்கட்டுங்க்கா, அவன் வீட்டுத் துணியையா அலசுதேன்?" என்றேன். கோபித்துக்கொண்டு காப்பி குடிக்காமல் கிளம்பினாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் திரும்பி வந்து குடித்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் விடுமுறைக்கு வந்துவிடு. மற்றவை நேரில்.

வன்னியபெருமாள்


பம்பாய்
9.12.1973

அன்புள்ள அத்தானுக்கு,

இதை எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதியாக வேண்டும். டிசம்பரில் வர முடியாது. விடுமுறை முழுவதும் வகுப்போடு ரத்னகிரிக் கடற்கரைக்குப் போய் உயிரினங்கள் சேகரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் குடும்பப் பெண்களைச் சேர்த்தால் இப்படித்தான் என்பார்கள். எனக்குப் பின்னால் வருகிறவளுக்கும் அது போய்ச் சேரும். வாயை மூடிக்கொண்டேன்.

சீனித்தாய் எழுதி அனுப்பிய கடிதம் கிடைத்தது. என் பெயரில் 'டி'யைத் திருப்பிப் போட்டிருக்கிறாள். திருத்த வேண்டாம். மாசானம் நடக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். எப்படி நடக்கிறான் என்று எழுதவில்லை. கையைத் தூக்கிக்கொண்டா, ஒரு பக்கம் சாய்ந்தா? ஆண்கள் எழுதும் கடிதத்தில் இதெல்லாம் இருக்காது.

வடிவு


தூத்துக்குடி
6.1.1974

அன்புள்ள வடிவுக்கு,

மாசானம் நடக்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறான். கஸ்டம்ஸ் அதிகாரி சரக்கைப் பார்வையிட வருகிற தோரணை. போதுமா?

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. நம் ஊரில் பெரிய கப்பல் எதுவும் கரைக்கு வராது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், தோணிதான் போய்ச் சரக்கை இறக்கி வரவேண்டும் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் மரியான் வீட்டுக்கு வந்திருந்தான். "பம்பாய்லருந்து வந்த கப்பலு வெளிய நிக்கி, நாளைக்குப் போவணும்" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாசானம் சோற்றைத் துப்புவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். பம்பாய் என்ற சொல் அவனுக்குத் தெரியும். அம்மா எங்கே என்று கேட்டால் பம்பாய் என்று சொல்ல சீனித்தாய் பழக்கியிருக்கிறாள். "அம்மா கப்பு?" என்றான்.

ஆமாம் என்றேன். அதைச் சொன்னதும் தட்டு காலியாகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குத் தூக்கிக்கொண்டு போய், வெளியே நின்ற கப்பலைக் காட்டினேன். "அந்தா அங்கன நிக்கா பாரு அம்மா" என்றேன். கையை ஆட்டினான். அன்றிலிருந்து தினமும் போகவேண்டியிருக்கிறது. சோறு ஊட்டுவது சுலபமாகிவிட்டது. நீ அங்கே எலும்பும் தோலுமாக இருந்தாலும் இங்கே ஐயாயிரம் டன் கனம்.

வன்னியபெருமாள்


பம்பாய்
3.2.1974

அன்புள்ள அத்தானுக்கு,

கப்பல் சங்கதியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அறைக்காரி எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளும் சிரித்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சொல்லிக்கொண்டே இருங்கள். எந்த ரூபத்திலாவது தினம் ஒரு தடவை அவன் என்னை நினைக்கட்டும். மே மாதம் வந்து நானே இறங்கிவிடுகிறேன்.

வடிவு


தூத்துக்குடி
16.6.1974

அன்புள்ள வடிவுக்கு,

மே மாதம் முழுவதும் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு நீ ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாய் என்று தெரியவில்லை. வண்டி ஓட ஆரம்பித்தபோது உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைத்தபோது காலேஜ் திறந்துவிட்டது. இதில் யாரைத் திட்டுவது? சீனித்தாய் மட்டும் ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டினாள். இரண்டு நாள் என்னோடும் பேசவில்லை.

மாசானத்துக்கு ஏமாற்றமே இல்லை. அவனுக்குத்தான் நீ தினமும் வெளியே நிற்கிறாயே. போன மாதம் நீ கிரேக்கக் கப்பலாக இருந்தாய். அது நங்கூரம் எடுத்துப் போனதும் பக்கத்தில் நின்ற சோமாலியாக் கப்பலுக்கு மாறினாய். அவன் அதைக் கேள்வி கேட்கவில்லை. ஏன் இறங்கி வரவில்லை என்று மட்டும் கேட்டான். "தோணி கிடைக்கல, அதான் நிக்கா" என்றேன். ஆபீஸில் கேப்டன்களுக்கு நாங்கள் சொல்கிற பதில் அது. அவர்களைவிட நல்லபடியாக ஏற்றுக்கொண்டான்.

இது சரியா என்று கிளாடிஸ் அக்கா கேட்டாள். "தம்பி, பச்சப்பிள்ள மனசுல என்னத்தையாவது ஏத்திட்டா பொறவு எறக்க முடியாது" என்றாள். பிள்ளை சாப்பிடுகிறான், தூங்குகிறான், அதைக் கெடுப்பானேன் என்றேன். சீனித்தாயும் என் கட்சிதான். அவளுக்கு உண்மை தெரியும், தம்பியிடம் சொல்வதில்லை. டிசம்பரில் எப்படியாவது வந்துவிடு. இந்தக் கடைசி வரியை எந்தத் தோரணையும் இல்லாமல் எழுதுகிறேன்.

வன்னியபெருமாள்


பம்பாய்
9.1.1975

அன்புள்ள அத்தானுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் நேரம் நிறைய இருந்தது, அதனால் எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்டேன்.

டிசம்பரில் நான் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் மாசானத்தைத் தூக்கி என்னிடம் நீட்டியபோது அவன் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. வந்தான், மடியில் உட்கார்ந்தான், வளையலை எண்ணினான், இறங்கிப் போய்விட்டான். நான் கொடுத்த ரயில் பொம்மையை வாங்கிக்கொண்டு கிளாடிஸ் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டி, "பெட்டிக்காரம்மா குடுத்தாவ" என்றான். நீங்கள் அப்போது கடைக்குப் போயிருந்தீர்கள், அதனால் உங்களுக்குத் தெரியாது. நான் அவனை இழுத்து வைத்துக்கொண்டு, "ஏலே, நாந்தாம்ல உங்கம்மா" என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "எங்கம்மா கப்பல்ல நிக்கா" என்றான். எனக்கு விவரம் போதவில்லை என்று நினைத்திருப்பான். கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து, கடல் இருக்கும் பக்கத்தைக் காட்டினான்.

அன்று சாயங்காலம் நீங்கள் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகவில்லை. நான் இருக்கிறேனே என்று விட்டுவிட்டீர்கள். அதற்கு அவன் அழுத அழுகையை நீங்களும் கேட்டீர்கள். நான் வந்ததால் அவனுக்கு அம்மாவைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

அத்தனை நாள் இருந்தும் ஒன்றும் மாறவில்லை. நான் ஊட்டினால் சாப்பிட்டான், குளிப்பாட்டினால் நின்றான். நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஸ்டேஷனில் கைகூப்பி, "போய்ட்டு வாங்க" என்றான். என் பிள்ளை என்னை வழியனுப்பினான். சீனித்தாய் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அது ஒன்றுதான் எனக்கு மிச்சம்.

எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம். பிப்ரவரியில் பெயரை வெட்டிவிட்டு வருகிறேன். நான் சம்மதம் கேட்டு எழுதவில்லை, முடிவு செய்துவிட்டு எழுதுகிறேன்.

வடிவு


தூத்துக்குடி
26.1.1975

அன்புள்ள வடிவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாசானத்தை லாஞ்சுப் படகில் ஏற்றி வெளியே நிற்கும் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதுத் துறைமுகம் திறந்த பிறகும் இடம் கிடைக்காத கப்பல்கள் அங்கே நின்றுகொண்டுதான் இருக்கின்றன. அன்று நின்றது உப்பு ஏற்ற வந்த கப்பல். அதன் கேப்டன் எனக்குப் பழக்கம், கேட்டதும் சரி என்றார். மேலே ஏறி, உள்ளே அம்மா இல்லை என்று அவனே பார்த்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். சரக்கு வந்துசேரவில்லை என்று புகார் சொல்கிற வியாபாரியை நாங்கள் அப்படித்தான் கிடங்குக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

வீட்டிலேயே புதுச்சட்டை வேண்டும் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டான். அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும். கப்பலில் ஏறியதும் என் கையை விட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தான். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தான். சமையல்காரர் ஆப்பிள் கொடுத்தார், வாங்கவில்லை. "எங்கம்மா எங்க?" என்று அவரிடம் கேட்டான். அவருக்குத் தமிழ் தெரியாது, சிரித்தார். எல்லாம் பார்த்து முடிந்ததும் மேல்தளத்தில் நின்றுகொண்டு, "அம்மா இல்லப்பா" என்று எனக்குச் சொன்னான். ஆமாம்டா, கப்பலில் அம்மா இல்லை, பெட்டியோடு வந்தாளே, அவள்தான் அம்மா என்றேன். அது அவன் காதில் ஏறவில்லை. இல்லை என்பதுதான் ஏறியது.

லாஞ்சில் திரும்பும்போது அழுதான். பிள்ளைகள் அடம்பிடித்து அழுவது இந்த ஒன்றரை வருஷத்தில் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. இது அது இல்லை. சத்தமே இல்லை. லாஞ்சுக்காரன் இன்ஜினை நிறுத்திவிட்டு, "என்ன அண்ணாச்சி, பிள்ளைக்கு என்ன செய்யி?" என்று கேட்டான். வீட்டில் இரண்டு நாள் சோறு இல்லை. கிளாடிஸ் அக்கா வந்து பார்த்துவிட்டு, "இது தாயப் பறிகுடுத்த பிள்ளையோட அழுகல்லா தம்பி" என்று சொல்லித் தானும் அழுதாள். நீ பம்பாயில் உயிரோடு இருக்கிறாய், நான் இங்கே உனக்குத் துக்கம் காத்தேன்.

இதையெல்லாம் மறைத்திருக்கலாம். மறைத்ததும் மழுப்பியதும் போதும் என்று இருக்கிறது.

இனி உன் முடிவைப் பற்றி. நீ வரவேண்டும் என்று எனக்கு இருக்கிறது. தினமும் இருக்கிறது. சடை பின்னும்போது இருக்கிறது, ஆபீஸில் கணக்குப் பார்க்கும்போது இருக்கிறது. களைத்துப்போய்விட்டேன் வடிவு. ஆனாலும் பிப்ரவரியில் வராதே. இப்போது வந்தால் அவனுக்கு நீ அம்மாவாகிவிட மாட்டாய், பெட்டிக்காரம்மாதான். அதோடு பட்டமும் போயிருக்கும். பிறகு ஒருநாள் அவன் சொல்பேச்சுக் கேட்காதபோது, உனக்காகத்தான் விட்டேன் என்று அவனிடம் சொல்லிவிடுவாய். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். அவன் தோளில் அதையும் ஏற்ற வேண்டாம். பரீட்சை எழுதிவிட்டு வா.

என்னைத் திட்டி எழுது. திட்டாமல் இருந்துவிடாதே.

பெருமாள்


தூத்துக்குடி
12.3.1975

வடிவுக்கு,

பதில் இல்லை. உன் ஆய்வுக்கூட ஆபீஸில் விசாரித்ததில் நீ பெயரை வெட்டவில்லை என்று தெரிந்தது. பரீட்சைக்குப் படிக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். மாசானம் சாப்பிடுகிறான், விளையாடுகிறான். கடற்கரைக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. சீனித்தாய்க்கு முன்பல் விழுந்தது, உனக்குக் காட்டுவதற்காகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள்.

பெருமாள்


பம்பாய்
21.4.1975

அன்புள்ள அத்தானுக்கு வடிவு எழுதுவது.

பரீட்சை முந்தாநாளோடு முடிந்தது. நன்றாகவே எழுதியிருக்கிறேன். வரும் வாரம் கிளம்புகிறேன், எந்த வண்டி என்று தந்தி அடிக்கிறேன்.

உங்கள் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். திட்டி எழுதச் சொன்னீர்கள், உட்கார்ந்தேன். கப்பலைச் சொல்லிக்கொண்டே இருங்கள் என்று எழுதியது நான் என்பது ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது. பேனாவை மூடிவிட்டுப் படிக்கப் போய்விட்டேன். அப்படி இரண்டு மாதம் படித்ததில் மார்க் கூடுதலாக வந்தாலும் வரும். இங்கேயே மேலே ஆராய்ச்சிக்குச் சேரச் சொல்லிக் கேட்டார்கள். இல்லை, ஊருக்குப் போகிறேன் என்றேன். இதைத் தியாகம் என்று கிளாடிஸ் அக்கா தெருவில் சொல்லப்போகிறாள், சொல்லவிடாதீர்கள். எனக்கு வேண்டியது ஒரு பட்டம், அது கிடைத்துவிடும். இன்னொன்று வேண்டும், அது அங்கே இருக்கிறது, கிடைக்குமா என்று தெரியாது.

அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஸ்டேஷனுக்கு மாசானத்தைக் கூட்டிவர வேண்டாம். அவன் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். நான் வீட்டுக்குள் வரும்போது அவனைத் தூக்கி என்னிடம் நீட்டாதீர்கள். முத்தம் கொடு, கட்டிப்பிடி என்று சீனித்தாயும் சொல்லக் கூடாது. நான் அவனுக்கு ஒன்றும் வாங்கிவரவில்லை. என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுப்பில் என்ன வேலை இருக்கிறதோ அதைச் செய்யப்போகிறேன். பசித்தால் வருவான். வராவிட்டால் உங்களிடம் வருவான், அதற்கு நான் முகம் வாட மாட்டேன்.

முக்கியமாக ஒன்று. அம்மா வருகிறாள் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அவனுக்கு அம்மா போய் மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த இடத்தில் உடனே இன்னொருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் பெரியவர்களுக்கே பிடிக்காது, அவன் குழந்தை. நம் வீட்டுக்கு ஒருத்தி வருகிறாள், இனிமேல் போகமாட்டாள் என்று மட்டும் சொல்லிவையுங்கள். பெயர் கேட்டால் பெயரைச் சொல்லுங்கள்.

வடிவு